புளியமரக் குத்தகையும் பதினாலு கோடியே இருபது லட்சமும்

2025 டிசம்பர் 17 காலை. திருக்கனூர் கடைவீதியில் டீக்கடை பெஞ்சில் இடமே இல்லை. முந்தின நாள் அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம். சென்னை சூப்பர் கிங்ஸ் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து வாங்கியிருந்தது. ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். இந்தியாவுக்கு ஆடாத ஒரு வீரருக்கு ஐ.பி.எல். ஏலத்தில் அதற்குமுன் கிடைத்த அதிகபட்ச விலை, 2022இல் ஆவேஷ் கானுக்கு லக்னோ கொடுத்த 10 கோடி.

"பேரே கேள்விப்படாத ரெண்டு பசங்களுக்கு இருபத்தெட்டு கோடியா? தோனி இருந்தப்ப இப்படி நடந்திருக்குமா?" என்றார் ஒருவர்.

"தோனி இன்னும் அங்கதாண்ணே இருக்காரு" என்றான் எதிரில் இருந்தவன்.

அரை மணி நேரம் போன சண்டையில் மூன்று கட்சிகளை என்னால் பிரித்துப் பார்க்க முடிந்தது. அனுபவசாலிகளை வைத்தே ஜெயித்த அணி ஏன் பாதை மாற வேண்டும் என்பது பழைய கட்சி. கடைசி இடத்துக்குப் போன பிறகும் மாறாவிட்டால் எப்போது மாறுவது என்பது புதுக் கட்சி. மூன்றாவது கட்சி ஒரே கேள்வியோடு நின்றது: "அதெல்லாம் சரி, நம்ம பையன் எங்க?"

மூன்று பேரும் தப்பில்லை. ஆனால் மூன்று பேருமே ஆளைப் பற்றிப் பேசினார்கள், ஆள் எடுக்கும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை. முறை புரியாமல் தேர்வு சரியா தப்பா என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம். அன்றிலிருந்து எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன்.

உத்தி, வரிசை, ஏலம்

ஆள் பிரிக்க நமக்குத் தெரிந்த முதல் முறை உத்தி. சடுகுடு ஆடும்போது சமபலமுள்ள ரெண்டு பேர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போவார்கள். ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "தாமரைப்பூ வேணுமா, அல்லிப்பூ வேணுமா?" என்பார்கள். தலைவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரிதான். யார் வந்தாலும் பலம் சமம். தனக்குச் சமமானவனைத் தேடிக்கொள்ளும் வேலையை ஆடுகிறவனே செய்துவிடுகிறான். தலைவனுக்குத் திறமையே வேண்டாம், அவனைத் திட்டவும் வழியில்லை.

இரண்டாவது முறை டிராஃப்ட். வரிசைப்படி ஒவ்வொரு அணியாக வந்து ஒருவரை எடுத்துக்கொண்டு போகும். இதில் செலவாவது முறை, பணம் அல்ல. அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் 1963 முதல் இதுதான் வழக்கம். போன ஆண்டு கீழே இருந்த அணிக்கு முன்னுரிமை. அதற்காகவே யாரும் வேண்டுமென்று தோற்கக் கூடாது என்பதால் 1995 முதல் முன்வரிசைக்குக் குலுக்கலும் உண்டு. அங்கே அணியைக் கட்டும் பொறுப்பு ஜெனரல் மேனேஜர் என்ற ஒருவரிடம் இருக்கும். புது மேனேஜர் வந்தால் ரசிகர்கள் மாதக்கணக்கில் இதையே பேசுவார்கள்: உயரமான பையன்களை எடுப்பாரா, வேகமானவர்களையா? இன்றைய ஓட்டையை அடைப்பாரா, ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் ஆளுக்குக் காத்திருப்பாரா?

மூன்றாவது ஏலம். ஐ.பி.எல்., புரோ கபடி, ஹாக்கி இந்தியா லீக் எல்லாமே இங்கே ஏலம்தான். 2024இல் ஹாக்கி லீக் திரும்ப வந்தபோது ஆண்கள் அணி ஒன்று 24 பேரை வாங்க வைத்திருந்த மொத்தத் தொகை 4 கோடி. ஒரு பிரசாந்த் வீர் விலையில் மூன்றரை ஹாக்கி அணி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கிரிக்கெட் பக்கம் டிராஃப்ட் வந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டு ஆண்டு தடையில் இருந்தபோது, 2015 டிசம்பரில் அவர்களுடைய வீரர்களைப் புனே, ராஜ்கோட் அணிகள் டிராஃப்ட் முறையில் பிரித்துக்கொண்டன. முதலில் எடுக்கப்படுபவருக்கு 12.5 கோடி, ஐந்தாமவருக்கு 4 கோடி என்று விலை முன்பே எழுதி வைத்தாகிவிட்டது. தோனி புனேவுக்கு, ரெய்னா ராஜ்கோட்டுக்கு. பாகப்பிரிவினையைப் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பதுபோல அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம்ம டி.என்.பி.எல். லீக்கும் 2016இல் டிராஃப்ட்டோடுதான் தொடங்கியது. 2023இல் ஏலத்துக்கு மாறினார்கள். அந்த முதல் ஏலத்தில் சாய் சுதர்சனை லைக்கா கோவை கிங்ஸ் 21.60 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் குஜராத் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். மாநில லீக்கில் கூடுதல், அகில இந்திய லீக்கில் குறைவு! ஆள் ஒருவர்தான், அவரை வாங்கிய சந்தைகள்தான் வேறு. விலையை வைத்துத் திறமையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பூவைப் பார்த்து ஏலம் கேட்காதே

எங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் சாலையோரப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே ஏலம் நடக்கும். பத்து பேர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இத்தனை மூட்டை தேறும் என்று மனசில் ஒரு கணக்குப் போடுவார்கள். காய்க்கப்போவது ஒரே அளவுதான். பத்து பேரின் கணக்கையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். ஆனால் மரம் சராசரிக்காரனுக்குப் போகாது. யார் அதிகமாகக் கணக்குப் போட்டானோ, அதாவது யார் அதிகமாகத் தப்புப் பண்ணினானோ, அவனுக்குத்தான் போகும். "ஏலம் எடுத்த அன்னிக்கு எவன் சிரிக்கிறானோ அவன் மாசியில அழுவான்" என்பார் பெரியப்பா.

இதையே 1971இல் மூன்று அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர்கள் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த கம்பெனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்பது அவர்கள் கேள்வி. வென்றவனின் சாபம் என்று இதற்குப் பேர் வந்தது. பின்னாளில் நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர், கேட் மாஸியோடு சேர்ந்து அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டையும் இப்படி ஆராய்ந்தார். முன்வரிசை இடங்களுக்கு அணிகள் தகுதிக்கு மேல் மதிப்புத் தருகின்றன என்று கண்டார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னவர் சிறந்து விளங்கும் வாய்ப்பு, பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

ஹாக்கியிலும் இதற்குச் சாட்சி உண்டு. டெட்ராய்ட் அணி 1998இல் 171ஆவது ஆளாகப் பாவெல் டட்சியுக்கை எடுத்தது, 1999இல் 210ஆவது ஆளாக ஹென்ரிக் செட்டர்பெர்கை எடுத்தது. 2008இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பை வென்றபோது தூண்களாக நின்றது இந்த இருவரும்தான். அதுவரை எல்லா அணிகளும் சேர்ந்து ஏறக்குறைய இருநூறு முறை அவர்களைத் தாண்டிப் போயிருந்தன.

அப்படியானால் 14.20 கோடி சாபம்தானா? பாதிக் கணக்குப்படி ஆமாம். மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும்.

ஒன்று, விலையை வைத்தது சென்னை மட்டும் இல்லை. கைதூக்கும் ஏலத்தில் விலை நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பவர் இரண்டாவதாக நின்றவர். 14.20க்கு ஒரு படி கீழே வரை இன்னொரு அணி வந்தது. "சென்னைக்குப் பைத்தியம்" என்றால் இன்னொரு அணிக்கும் முக்கால் பைத்தியம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு, புளியமரம் எல்லோருக்கும் ஒரே அளவுதான் காய்க்கும், கிரிக்கெட் வீரர் அப்படி இல்லை. என் வீட்டுக் கொல்லையை ஒட்டிய நிலம் எனக்கு ஒரு விலை, ஊருக்கு ஒரு விலை. ஏலத்துக்கு ஒரு மாதம் முன்புதான் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியிருந்தது. சேப்பாக்கத்தில் இடதுகை சுழலும் பேட்டிங்கும் சேர்ந்த ஓர் ஆளின் இடம் காலியாகிவிட்டது. பிரசாந்த் வீர் ஆடுவது அதே வேலை. கார்த்திக் சர்மா விக்கெட் கீப்பர், சிக்ஸர் அடிப்பவர். அப்போது தோனிக்கு 44 வயது. இது கொல்லையை ஒட்டிய நிலம்.

மூன்று, கையில் இருந்த பணம். சென்னையிடம் 43.40 கோடி, நிரப்ப வேண்டிய இடம் ஒன்பது. 28.40 கோடியை இருவருக்குக் கொடுத்தார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஏழு பேரும் சேர்ந்து 12.60 கோடி. அந்த ஏழு பேரில் சர்பராஸ் கானும் உண்டு. நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்டில் 150 அடித்தவர், வெறும் 75 லட்சம். ஒரே மேசை, ஒரே நாள், பத்தொன்பது மடங்கு வித்தியாசம். இதில் எனக்கு உறுத்துவது 14.20 என்ற எண் அல்ல. இரண்டு மரத்தில் தோப்பின் விலையைப் போட்டதுதான். இரண்டில் ஒன்று காய்க்காமல் போனாலும் அந்தப் பணத்தில் வேறு ஆள் கிடையாது.

பழைய கட்சியும் புதுக் கட்சியும்

பழைய கட்சியின் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2018இல் தடை முடிந்து திரும்பியபோது சென்னை எடுத்த அணியை "அப்பாக்கள் படை" என்று எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள். இறுதிப் போட்டியில் 36 வயது வாட்சன் 57 பந்தில் 117 ரன் எடுத்து முடித்துவைத்தார். அன்று சென்னை செய்ததில் தெளிவான தந்திரம் இருந்தது. மற்றவர்கள் வயசைப் பார்த்து ஒதுங்கியதால் நிரூபித்த ஆட்கள் மலிவாகக் கிடைத்தார்கள். காய்த்துப் பழகிய மரத்தைக் கிழட்டு மரம் என்று ஊரே ஒதுக்கும்போது எடுத்தார்கள்.

அதே பாணியில் 2024 நவம்பரில் ஜெட்டாவில் வாங்கிய அணி 2025இல் 14 ஆட்டத்தில் நான்கில் மட்டும் ஜெயித்து, முதல்முறையாகப் பத்தாவது இடத்தில் முடிந்தது. 9.75 கோடிக்குத் திரும்பி வந்த அஸ்வின் அந்த ஒரு பருவத்தோடு ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றார். பாதியில் ருதுராஜ் கெய்க்வாட் காயம்பட்டபோது 30 லட்சத்துக்கு வந்தவர் ஆயுஷ் மாத்ரே. பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 எடுத்தபோது அவருக்கு 17 வயது. புதுக் கட்சிக்கு அதுதான் கொடி.

ஆனால் கவனியுங்கள், மாத்ரே நிரூபித்தது இளைஞர்கள் நல்லவர்கள் என்பதை மட்டும் அல்ல. யாரும் கவனிக்காதபோது எடுத்தால் 30 லட்சத்துக்கு எடுக்கலாம் என்பதையும்தான். 2018இல் வாட்சனும் 2025இல் மாத்ரேயும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்: ஊர் ஒதுக்குவதை வாங்கு. 2025 டிசம்பரில் நடந்தது அது இல்லை. ஊரே துரத்தியதை ஊரைவிட அதிகம் கொடுத்து வாங்கினார்கள். "வயசா, இளமையா" என்ற சண்டையில் இந்த மாற்றம் மறைந்துபோகிறது. என் கண்ணுக்கு சென்னையின் உண்மையான கொள்கை மாற்றம் இதுதான். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆனால் பேச வேண்டியது இதைத்தான்.

நம்ம பையன் எங்க?

மூன்றாவது கட்சியின் கேள்விதான் இருப்பதிலேயே வலிக்கும் கேள்வி. 2025இல் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய சாய் சுதர்சன் சென்னைக்காரர், ஆடுவது குஜராத்துக்கு. வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். "சென்னைன்னு பேரு வெச்சிட்டு..." என்று ஆரம்பித்தால் டீ ஆறும்வரை பேசலாம்.

அந்தக் காலத்தில் அஸ்வின், பத்ரிநாத், முரளி விஜய் எல்லாம் மஞ்சள் சட்டையில் இருந்தார்களே, அது எப்படி? பாசத்தால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது விதியால். 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலம் பெரிய பெயர்களுக்கானது. இந்தியாவுக்கு ஆடாத உள்ளூர் வீரர்களை அணிகள் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பக்கத்தில் இருப்பவனைப் பக்கத்து அணிதான் முதலில் பார்க்கும். 2014 முதல் அவர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். அன்றிலிருந்து சேப்பாக்கத்துப் பையனும் சண்டிகர்ப் பையனும் ஒரே பட்டியலில் இரண்டு பெயர்கள். கதவைச் சாத்தியது விதி, அதற்கு நாம் அணியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஹாக்கியிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. மாண்ட்ரியல் அணிக்கு, டிராஃப்ட் தொடங்கும் முன்பே பிரெஞ்சு பேசும் கியூபெக் இளைஞர் இருவரை எடுத்துக்கொள்ளும் உரிமை 1969 வரை இருந்தது. அந்த விதி போனபின், தங்கள் ஊர்ப் பையன்கள் வேற்றூர்ச் சட்டையில் ஆடுவதை அந்த ரசிகர்களும் பார்க்க வேண்டி வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு, அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஒரு பையன் என்னிடம் வந்தான். பத்தாவது படிக்கிறான், இடதுகை சுழல் போடுகிறான். "அண்ணா, அப்ப நம்ம ஊர்லேர்ந்து போகணும்னா எது வழி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் சொல்ல எனக்கு வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டியிருந்தது. மறுநாள் இப்படிச் சொன்னேன். புதுச்சேரிக்குப் பி.சி.சி.ஐ. அங்கீகாரம் கிடைத்ததே 2017இல்தான். 2018–19இல்தான் நம் அணி முதல்முறை ரஞ்சி ஆடியது. அதற்குமுன் நம்ம ஆள் வேற மாநிலத்து வாசலில் நிற்க வேண்டும். இப்போது துத்திப்பட்டில் மைதானம் இருக்கிறது, 2025இல் பாண்டிச்சேரி பிரீமியர் லீக்கும் வந்துவிட்டது. ஏலத்தில் கை தூக்குகிறவர்கள் மாநில டி20 லீக்குகளையும் சையத் முஷ்டாக் அலி கோப்பையையும் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். பிரசாந்த் வீர் அமேதிக்காரன், கார்த்திக் சர்மா பரத்பூர்க்காரன். ரெண்டும் மும்பை இல்லை. உள்ளூர்ப் பையன் என்ற சலுகை போனது நிஜம். அதே விதியால் எந்த ஊர்ப் பையன் என்ற கேள்வியும் போய்விட்டது, அதுவும் நிஜம்.

அவன் தலையாட்டினான். சந்தோஷப்பட்டானா என்று தெரியவில்லை.

முடிவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே

கடைசியாக ஒன்று. 2008இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று வந்த பையன்களை ஐ.பி.எல். அணிகள் ஒரு சின்ன டிராஃப்டில் பிரித்துக்கொண்டன. டெல்லிக்கு விராட் கோலியை எடுக்க வாய்ப்பு இருந்தது. டெல்லிப் பையன், ஜெயித்த அணியின் கேப்டன். அவர்கள் அதே அணியின் வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தார்கள், கோலி பெங்களூருக்குப் போனார். இன்றைக்கு இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு டெல்லியிடம் சேவாக், கம்பீர், டிவில்லியர்ஸ் இருந்தார்கள். பேட்டிங் நிறைந்திருந்தது, பந்துவீச ஆள் தேவைப்பட்டது. அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம் இல்லை.

அதனால் டீக்கடையில் ஓர் ஏற்பாடு பண்ணியிருக்கிறோம். பருவம் தொடங்குவதற்கு முன்பே அவரவர் கருத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கேள்விக்கு மட்டும் பதில்: எந்த விதிக்குள் எடுத்தார்கள்? அதே பணத்தில் அன்றைக்கு வேறு யாரை எடுத்திருக்கலாம்? எடுத்த ஆளுக்கு எத்தனை ஆட்டம் கொடுத்தால் தீர்ப்புச் சொல்லலாம்?

மூன்றாவது கேள்விக்குத்தான் கடையில் அதிக நேரம் பிடித்தது. பழைய கட்சி அண்ணன் ஐந்து ஆட்டம் என்றார். புதுக் கட்சி ஒரு முழுப் பருவம் கேட்டது. நான் இரண்டு பருவம் என்று எழுதினேன். பத்தொன்பது, இருபது வயதில் பதினாலு கோடியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடவேண்டிய பையன்கள். அந்த விலையை அவர்கள் கேட்கவில்லை, இரண்டு பணக்காரர்கள் கை தூக்கியதில் வந்தது. ரன் வராத நாளில் திட்டு வாங்கப்போவது மட்டும் அவர்கள்தான்.

நோட்டு கல்லாப்பெட்டிக்குக் கீழே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பத்தாவது பையனும் எழுதியிருக்கிறான், பென்சிலில்: "பத்து ஆட்டமாவது குடுங்கண்ணா."